கண்ணாடி ப்ரொட்ராக்டரும் கிராம் தராசும்: ஈ.பி. நிறைந்த அலமாரிக்கு எது பொருந்தும்?

இசைத்தட்டு ப்ளேயரில் முள்ளைச் சரியாகப் பொருத்த, இணையக் கடைகளில் இப்போது ஒரு ஜோடி சுலபமாகக் கிடைக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் அக்ரிலிக் ப்ரொட்ராக்டர் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் உள்ளங்கை அகல டிஜிட்டல் தராசு ஒன்று. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு புது எல்.பி. தட்டின் விலையைத் தாண்டாது. தட்டின் மேல் நகரும் கையான டோன் ஆர்மின் நுனியில், முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைச் சரியான இடத்திலும் கோணத்திலும் பொருத்த முதலாவது. முள் தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்க இரண்டாவது. வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் ப்ரொட்ராக்டரில் எந்தக் கணக்குப்படி புள்ளி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் கணக்கு, மதுரைப் பக்கத்து வீடுகளில் இருக்கும் தட்டுகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

காரணம் இது. தட்டை வெட்டும்போது வெட்டுமுள் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்க்கோட்டில் நகர்கிறது. வீட்டில் ஓடும்போது டோன் ஆர்ம் ஒரு மூலையில் ஊன்றிக்கொண்டு வில் போல வளைந்து வருகிறது. ஆகவே முள் பள்ளத்தோடு நூல் பிடித்தாற்போல நிற்பது தட்டு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான். கோணப் பிழை சுழியாகும் அந்த இரண்டு இடங்களைச் சுழிப் புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை எங்கே வைத்தால் மற்ற இடங்களில் பிழை குறையும் என்பதற்குத்தான் இத்தனை கணக்கும். 1924-இல் பெர்சி வில்சன் எழுதினார். 1938-இல் ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரென் விரிவாகச் செய்தார். 1941-இல் பேர்வால்ட் அதே முடிவுக்கு வந்தார். 1966-இல் ஸ்டீவன்சன் வேறு வழி சொன்னார்.

எல்.பி.யின் வெளிப்பள்ளம் மையத்திலிருந்து 146.05 மி.மீ., உள்பள்ளம் 60.325 மி.மீ. என்று வைத்துப் போட்டால், பேர்வால்ட் முறையில் சுழிப் புள்ளிகள் 66.0, 120.9 மி.மீ. தூரத்தில் விழும். லோஃப்கிரென் சொன்ன இரண்டு முறைகளில் 'பி' முறையில் 70.3, 116.6. ஸ்டீவன்சன் முறையில் 60.325, 117.42. அதாவது ஸ்டீவன்சன், உள்பக்கச் சுழிப் புள்ளியைக் கடைசிப் பள்ளத்தின் மேலேயே கொண்டுபோய் வைக்கிறார். 12 அங்குல எல்.பி. மட்டும் வைத்திருப்பவருக்கு பேர்வால்ட் நல்ல சமரசம். கடைகளில் வரும் ப்ரொட்ராக்டர்களில் அதிகம் இருப்பதும் அதுவே.

நம் அலமாரி வேறு மாதிரி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்ப் படப் பாட்டு வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் 7 அங்குல, 45 சுற்று ஈ.பி.யாக. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. மைக்செட்காரர்களிடமிருந்து கைமாறி வரும் பெட்டிகளிலும் அதுதான் அதிகம். ஈ.பி.யில் பள்ளம் தொடங்குவதே மையத்திலிருந்து சுமார் 84 மி.மீ. தூரத்தில். ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டு அடைத்திருப்பதால் முடியும்போது லேபிளை ஒட்டி 54 மி.மீ. வரை வந்துவிடும். எல்.பி.க்கான கணக்கு முடிகிற இடத்தில்தான் இரண்டாவது பாட்டின் சரணம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்மின் ஊன்றுமையத்திலிருந்து, தட்டின் நடுத்துளையில் நுழையும் ஸ்பிண்டில் 215 மி.மீ. தூரத்தில் இருக்கும் ஆர்மை எடுத்துக்கொள்வோம்; டெக்னிக்ஸ் கம்பெனியின் எஸ்எல்-1200 ப்ளேயர்களில், எம்கே2 முதல் இந்த அளவுதான். பேர்வால்ட் முறையில் பொருத்தினால் 54 மி.மீ.யில் கோணப் பிழை சுமார் 2.0 பாகை. ஸ்டீவன்சனில் 1.0 பாகை. சரிபாதி. ஈ.பி.யின் தொடக்கமான 84 மி.மீ.யில் பேர்வால்ட் 1.1, ஸ்டீவன்சன் 1.3, அங்கே வித்தியாசம் பேச்சுக்கு இல்லை. இதற்கு ஸ்டீவன்சன் வாங்கும் விலை எல்.பி.யின் முதல் பாட்டில்: 146 மி.மீ.யில் பேர்வால்ட் 1.9, ஸ்டீவன்சன் 2.3 பாகை. ஆனால் பிழையால் வரும் கரகரப்பு, கோணத்தை ஆரத்தால் வகுத்த அளவில் வளரும். வெளிவிளிம்பில் பள்ளம் வேகமாக ஓடுவதால் அதே பிழை அங்கே காதை உறுத்தாது. லேபிள் ஓரத்தில் உறுத்தும். 45 சுற்றின் வேகம் ஈ.பி.க்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது என்பது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஈ.பி. அதிகம் கேட்பவர் ஸ்டீவன்சன் பக்கம் இருப்பதே நல்லது.

எஸ்எல்-1200 வைத்திருப்பவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி. அந்தக் கம்பெனி சொல்லும் அளவு, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் வாஷரிலிருந்து முள் நுனி வரை 52 மி.மீ. அப்படி வைத்தால் முள் ஸ்பிண்டிலைத் தாண்டி 15 மி.மீ. நீளும்; சுழிப் புள்ளிகள் 58.8, 113.5 மி.மீ.யில் விழும். ஈ.பி.யின் கடைசிப் பள்ளத்தில் பிழை 0.7 பாகைதான். எல்.பி.யின் வெளிவிளிம்பில் மட்டும் 2.6 வரை போகும். அலமாரியில் முக்கால்வாசி ஈ.பி. என்றால், 52-ஐத் தொடவே வேண்டாம். ஸ்டீவன்சனுக்கு சுமார் 53, பேர்வால்டுக்கு சுமார் 55 மி.மீ. என்று நகர்த்த வேண்டும். 55-க்கு சில கார்ட்ரிட்ஜ்கள் ஹெட்ஷெல் காடியின் முன்முனையில் போய் முட்டும். கூடவே பேர்வால்டுக்குக் கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லுக்குள் கிட்டத்தட்ட இரண்டு பாகை உள்நோக்கித் திருப்பியும் வைக்க வேண்டியிருக்கும். பார்க்கக் கோணலாகத் தெரியும். அது தப்பில்லை.

இனி கையில் வந்த ப்ரொட்ராக்டரைச் சோதிப்பது. பெட்டி மேல் எந்த முறை என்று போட்டிராவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு புள்ளியும் ஸ்பிண்டில் துளையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் வகையில், புள்ளிகளுக்கு இடையே 54.9 மி.மீ. இருந்தால் பேர்வால்ட், 57.1 என்றால் ஸ்டீவன்சன், 46.3 என்றால் லோஃப்கிரென் 'பி'. இதற்குப் பள்ளிக்கூட ஸ்கேல் போதாது, வெர்னியர் வேண்டும். தெரிந்த லேத் பட்டறை எதிலும் ஒன்று தொங்கும். இரண்டு நிமிட வேலை. துளையின் மையத்திலிருந்து புள்ளிக்கு உள்ள தூரத்தையும் அளந்துவிடுங்கள். கால் மி.மீ. வரை விலகியிருந்தால் பொறுக்கலாம். அரை மி.மீ.க்கு மேல் போனால் திருப்பி அனுப்புங்கள்.

துளையின் அகலம் இன்னொரு விஷயம். ஸ்பிண்டில் 7 மி.மீ.க்குச் சற்று அதிகம். துளை இறுக்கமாக உட்கார வேண்டும். மலிவான தயாரிப்புகளில் துளை பெரிதாக இருந்து ப்ரொட்ராக்டர் ஆடும். அந்த ஆட்டத்தில் பாதி, அப்படியே புள்ளியின் பிழையாகிவிடும். ஸ்பிண்டிலில் செல்லோடேப்பை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றி ஆட்டத்தைத் தீர்க்கலாம்.

அடுத்தது, கோடு கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கிறதா, அடியில் ரசம் பூசிய பக்கத்திலா என்பது. அடியில் இருந்தால் முள் மேலே, கோடு கீழே. நடுவில் அக்ரிலிக் கனம் முழுவதும் இருக்கும். தலையைச் சற்று நகர்த்தினாலே முள் கோட்டை விட்டு விலகித் தெரியும். ஒரு கண்ணை மூடி, முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி பார்த்தால்தான் அளவு நம்பகமாகும். மேற்பரப்பில் அச்சிட்டதில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அந்த அச்சு அழியும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அச்சும் போகும், அக்ரிலிக்கிலும் நுண்விரிசல் ஓடும். லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணி போதும். சிலவற்றில் புள்ளியில் குழி வைத்திருப்பார்கள். முள் வழுக்காமல் நிற்கும் என்பது வசதிதான். குழி அகலமாக இருந்தால் முள் அதன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றே தெரியாது. மெல்லிய கூட்டல் குறி மட்டும் உள்ளதே மேல்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். ப்ளேயரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தட்டு உட்காரும் ப்ளேட்டரின் மேல் ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மட்டம் பாருங்கள். டைரக்ட் டிரைவ் ப்ளேட்டர் தொட்டாலே சுற்றும். ஓரத்தில் காகித டேப் ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை முள்ளருகே கொண்டுபோகாதீர்கள். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுக்கும். கை அசைந்த ஒரு கணத்தில், முள் நுனியைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் ஒடிந்துவிடும். திருகுகளைக் கையாளும் வரை முள்ளுக்கு உறை போட்டே வையுங்கள். கம்பிகளில் வெள்ளை இடது, நீலம் இடது கிரவுண்டு, சிவப்பு வலது, பச்சை வலது கிரவுண்டு. திருகு இரண்டையும் கார்ட்ரிட்ஜ் விரலுக்கு நகரும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

கோணம் பார்க்கும் முன்பே அழுத்தத்தை வைத்துவிட வேண்டும். பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அழுத்தம் ஏறும்போது கேன்டிலீவர் மேலே மடங்கி முள் நுனியின் இடம் சற்று மாறும். அதனால் முன்பு செய்த வேலை பாழ். ஆர்ம் மையம் நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வையுங்கள். இல்லாவிட்டால் வழுவழுப்பான கண்ணாடி மேல் அது முள்ளை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் உள்பக்கப் புள்ளியில் முள்ளை இறக்கி, கேன்டிலீவர் கட்டக் கோடுகளுக்கு இணையாக வரும்படி கார்ட்ரிட்ஜைத் திருப்புங்கள். பார்க்க வேண்டியது கேன்டிலீவரை. கார்ட்ரிட்ஜின் உடம்பை அல்ல. மலிவு முள்களில் கேன்டிலீவர் உடம்போடு ஒட்டிய கோணத்தில் இருக்கும் என்று உறுதியில்லை. பிறகு ப்ளேட்டரைச் சற்றுத் திருப்பி வெளிப்பக்கப் புள்ளியில் இறக்குங்கள். அங்கே கார்ட்ரிட்ஜின் மூக்கு ஸ்பிண்டில் பக்கம் அதிகமாகத் திரும்பியிருந்தால் முள் வேண்டியதற்கு மேல் முன்னால் நீண்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜை ஊன்றுமையம் பக்கம் பின்னுக்குத் தள்ளுங்கள். வெளியே பார்த்துத் திரும்பியிருந்தால் முன்னுக்கு இழுங்கள். நகர்த்தியதும் மறுபடி உள்புள்ளி, மறுபடி வெளிப்புள்ளி. நாலைந்து தடவை போய் வந்தால் இரண்டும் ஒத்துவரும்.

இந்த வகைக் கருவியின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. முள்ளின் நீட்டம் 1 மி.மீ. தவறியிருந்தாலும், உள்புள்ளியில் நேராக வைத்த கார்ட்ரிட்ஜ் வெளிப்புள்ளியில் காட்டும் விலகல் 0.4 பாகைதான். கேன்டிலீவரின் வெளியே தெரியும் நீளம் சில மி.மீ.; அதில் 0.4 பாகையை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது. எல்லாம் சரி என்று கண் சொல்லும், ஆனால் சரியாக இருக்காது. நகை பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் பாதித் தொல்லை தீரும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக்காரர்களுக்கு லென்ஸ் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று தெரியும், கேட்டு வாங்குங்கள். ட்யூப்லைட்டின் பரந்த வெளிச்சம் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சிறு டார்ச் வைத்தால் கேன்டிலீவர் தெளிவாக நிற்கும்.

வில் வகை ப்ரொட்ராக்டரில் இந்தக் குறை இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆர்முக்கென்றே முள்ளின் முழுப் பாதையும் வில்லாக வரைந்திருக்கும். வெளிமுனையில் கோட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே கொண்டுவரும்போது நீட்டம் தப்பாக இருந்தால் முள் கோட்டை விட்டு இறங்கிவிடும். கோடு மெல்லியது, பிழை உடனே தெரியும். ஆனால் 215 மி.மீ. ஆர்முக்கு வரைந்தது 222 மி.மீ. உள்ள ரேகா கம்பெனி ஆர்முக்கு உதவாது. ஒரே ப்ளேயர்தான், மாற்றுவதாக இல்லை என்பவருக்கு வில் வகையையே சொல்வேன். இரண்டு மூன்று ப்ளேயர்களைப் பார்த்துக்கொடுப்பவருக்கு இரட்டைப் புள்ளி வகை.

இலவசமாக இறக்கி அச்சிடும் தாளை ஒதுக்கிவிடவும் முடியாது. சோதித்துப் பயன்படுத்தினால் நன்றாகவே வேலை செய்யும். கெடுவது ஜெராக்ஸ் கடையில்தான். தாளுக்குள் அடங்கும்படி கணினி தானாகவே 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிட்டால் 66.0 என்பது 64.0 ஆகும், 120.9 என்பது 117.3 ஆகும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி அச்சிடச் சொல்லுங்கள். தாளில் இருக்கும் அளவுகோட்டைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள்; சில அச்சு இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் இழுக்கும். மெல்லிய தாள் காற்றில் சுருளும், ஆகவே தடித்த அட்டையில் போடுங்கள். துளையைப் பேனா முனையால் குத்தாமல் பிளேடால் சுத்தமாக வெட்ட வேண்டும்.

தராசு, இந்த ஜோடியில் கூடுதல் மதிப்புள்ள பாதி. ஆர்மின் பின்முனையில் உள்ள கவுண்டர்வெயிட் வளையத்தில் எழுதியிருக்கும் எண், ஆர்மை மிதக்கவிட்டு 0 வைத்தது சரியாக இருந்தால்தான் சரி. அங்கே சின்னத் தவறு நேர்ந்தால் அது அப்படியே தொடரும். ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95ஈ முள்ளுக்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவாக 2.0. ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.6 முதல் 2.0, பரிந்துரை 1.8. குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. லேசான முள் பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளி, சுவரைச் செதுக்கும். கொடுத்த எல்லைக்குள், நடுவிலோ சற்று மேலேயோ நிற்பது பாதுகாப்பு.

தராசு கைக்கு வந்ததும் அதனோடு வரும் 5 கிராம் எடைக்கல்லை ஏதாவது நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அவர்களுடைய தராசு அரசு முத்திரை பெற்றது. கல்லே தப்பென்றால் அதை வைத்து நேர்செய்ததும் தப்புதான். வீட்டிலேயே மேலோட்டமாகப் பார்க்க, 2012 முதல் 2018 வரை ஆண்டு பொறித்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராமுக்கு அருகில் காட்ட வேண்டும். மின்விசிறியை அணையுங்கள். மதுரை வீட்டில் இது சொல்லாமல் நடக்காது. விசிறிக் காற்றில் கடைசி இலக்கம் நிற்காமல் ஓடும். முள்ளை இறக்குமுன், தராசுத் தட்டுக்கு மேல் தொடாமல் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே எண் மாறினால் தட்டில் இரும்பு இருக்கிறது, காந்தம் இழுக்கிறது. அந்தத் தராசு இந்த வேலைக்கு ஆகாது. உயரமும் முக்கியம். முள் நிற்கும் இடம் இசைத்தட்டின் மேற்பரப்பு உயரத்தில் இருக்க வேண்டும். தராசு உயர்ந்து நின்றால் பல ஆர்ம்களில் எடை கூடுதலாகக் காட்டும். தேவையானால் ப்ளேட்டரின் விரிப்பை எடுத்துவிட்டு அளங்கள். மூன்று முறை இறக்கி, மூன்றும் 0.02 கிராமுக்குள் வந்தால் நம்பலாம். ஷூர் எஸ்எஃப்ஜி-2 மாதிரியான சாய்வுத் தராசுக்கு பேட்டரியும் வேண்டாம், நேர்செய்யவும் வேண்டாம்; ஆனால் அதில் நுணுக்கம் 0.1 கிராம் அளவில்தான்.

மற்றவை சீக்கிரம் முடியும். கண்ணாடி மேல் முள் நிற்கும்போது முன்னாலிருந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் பிம்பமும் சேர்ந்து ஒரே நேர்க்கோடாக நிற்க வேண்டும், இடுப்பில் ஒடிந்தாற்போல் தெரிந்தால் ஹெட்ஷெல்லைச் சற்றுத் திருப்புங்கள். ஆர்மின் உயரத்துக்கு, தட்டு ஓடும்போது ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையாக இருந்தால் போதும். 230 மி.மீ. ஆர்மில் ஒரு பாகை மாற 4 மி.மீ. ஏற்ற வேண்டும், தாள் கனத்துக்கெல்லாம் மயங்க வேண்டாம். ஆன்டி-ஸ்கேட்டை முள் அழுத்தத்தின் எண்ணுக்கே வைத்துத் தொடங்கி, வலது சேனல் மட்டும் கரகரத்தால் சிறிது கூட்டுங்கள். பள்ளமில்லாத வெற்றுத் தட்டில் முள்ளை நிறுத்திப் பார்க்கும் வழி தவறாக வழிநடத்தும். பள்ளத்தில் உரசும் விசை வேறு.

கேட்டுப் பார்க்க நாதஸ்வரமும் பெண் குரலின் 'ச', 'ஸ' எழுத்துகளும் நல்ல சோதனை. ஈ.பி.யின் இரண்டாம் பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தில் வையுங்கள். முதல் பாட்டு சுத்தமாக இருந்து, இரண்டாவது மட்டும் முடியும் தறுவாயில் சீறினால் பொருத்தியதில் குறை இருக்கலாம், திரும்பப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி இரைந்தால் பள்ளமே தேய்ந்துவிட்டது. கல்யாண வீடுகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் கனமான செராமிக் முள்ளுக்கு அடியில் வருஷக்கணக்கில் ஓடிய தட்டுகள் அவை. எந்த ப்ரொட்ராக்டராலும் அதை மீட்க முடியாது.

சிலர் இதை வாங்க வேண்டியதே இல்லை. ஏடி-எல்பி60எக்ஸ் போல கார்ட்ரிட்ஜை நகர்த்தவே இடம் கொடுக்காத ப்ளேயர்களிலும், செராமிக் முள் வைத்த பழைய பெட்டி ப்ளேயர்களிலும் சரிசெய்ய ஒன்றும் இல்லை. 78 சுற்றுத் தட்டு ஓட்ட வேண்டுமென்றால் முதலில் தேவை அதற்கென்று உள்ள அகல முள்.

வேலை முடிந்ததும் திருகுகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் அந்தப் பக்கம் திரும்பிவிடும். இறுக்கிய பிறகு இரண்டு புள்ளியையும் இன்னொரு முறை பாருங்கள். கார்ட்ரிட்ஜ் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்திருப்பதால் அழுத்தத்தையும் மறுபடி அளங்கள். புது முள் மாட்டும்போதும் இதே சோதனை வேண்டும். மாடல் ஒன்றானாலும் கேன்டிலீவர் கோணம் முள்ளுக்கு முள் சற்று மாறும். ப்ரொட்ராக்டரைச் சித்திரை வெயில் படும் ஜன்னலோரத்திலோ தட்டுகளுக்கு நடுவே சாய்த்தோ வைக்காதீர்கள். அக்ரிலிக் வளைந்துவிடும். படுக்கையாக, உறைக்குள் வையுங்கள்.